மாப்பிள்ளை மேல் வைத்த கேமரா

ஐந்து மணிக்குக் கூட்டம். நாலு இருபதுக்கே பயிற்சியாளர் மோகனனை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் மேசைக்கு வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி.

'பாறசாலை பார்டர்ஸ்' கால்பந்து கிளப்பின் முதலாளி ஜெயதாஸ் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜீனாவைப் பார்த்தார். ஆட்டங்களின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, எவன் ஓடினான், எவன் சும்மா நின்றான் என்று சொல்வது ஜீனாவின் வேலை. அவள் அறிக்கை இல்லாமல் கூட்டத்தில் எதுவும் நகராது.

"சொந்த மைதானத்துல பதினோரு கோல். பதினொண்ணும் ஜிஜின் அடிச்சதாக்கும். அவன் காலொடிஞ்சு கிடந்த நாலு ஆட்டமும் தோத்தோம். பின்ன எதுக்கு மக்கா நமக்கு ஒரு கோச்சு?" என்றார்.

"கணக்கு சரிதான் சாரே. நீங்க பாத்த வீடியோதான் சரியில்ல."

மூலையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த பிஜு நிமிர்ந்தான். கிளப்பின் கேமராக்காரன். அதற்கு முன் பத்து வருஷம் பெருங்கடவிளை முதல் காஞ்சிரங்குளம் வரை அவன் எடுக்காத கல்யாணம் இல்லை.

"என் வீடியோவுக்கு என்ன சேச்சி குறை?"

"குறையே இல்ல. ஜிஜினுக்கு வேர்க்கது தெரியுது, மூக்கு சிந்துறது தெரியுது. மத்த பத்துப் பேரத்தான் காணல."

"கல்யாணத்துல மாப்பிள்ளைய விட்டுட்டு கேமரா வேற பக்கம் போனா வீட்டுக்காரங்க அடிக்க வருவாங்க. பழகிப் போச்சு."

"காலொடிஞ்ச ஆட்டத்துலயும் பழகிப் போச்சோ? ஜிஜின் பெஞ்சுல இருந்து தண்ணி குடிக்கது நாப்பது நிமிஷம் ஓடுது."

ஜெயதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பேனா மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

ஜீனா இன்னொரு படத்தை ஓடவிட்டாள். மங்கலாக இருந்தது, ஆனால் மைதானம் முழுக்கத் தெரிந்தது. மைதானத்தை ஒட்டிய கிறிஸ்தவ சபையின் சி.சி.டி.வி. பந்தெடுக்க மதில் ஏறிக் குதித்துக் கூரை ஓட்டை உடைக்கிறவர்களைப் பிடிக்க, சபைச் செயலாளர் வேதமாணிக்கம் வைத்தது. கிளப்பின் மேல் புகார் கொடுக்கவென்று ஒரு நாள் பதிவைக்கூட அவர் அழிக்கவில்லை. ஜீனா போன வாரம் கேட்டதும், புகாரைக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்.

"இது முதல் கோல். ஜிஜினப் பாக்காதீங்க. ஆறாம் நம்பர் கிருஷ்ணன்குட்டியப் பாருங்க."

கிருஷ்ணன்குட்டி பந்தே இல்லாமல் இடது பக்கம் பாய்ந்தான். எதிரணிக்காரர் இருவர் அவன் பின்னால் ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்தில் ஜிஜின் தனியாக நின்றான். பந்து வந்தது. கோல்.

அடுத்த கோல். அதே ஓட்டம், அதே வெற்றிடம். அடுத்ததும்.

"பதினொண்ணுல எட்டு இப்படியாக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் கொல்லயில் ஊரு மைதானத்துல மோகனன் சார் இதத்தான் ஓட வைக்காரு. மிச்சம் மூணு ஜிஜினோட சொந்தக் கால். அத ஆரும் சொல்லிக் கொடுக்க முடியாது."

"பின்ன, அந்த நாலு தோல்வி?" என்றார் ஜெயதாஸ்.

அதையும் ஓட்டினாள். ஜிஜின் இல்லாத ஆட்டங்களிலும் அந்த வெற்றிடம் திறந்தது. மாற்று ஆட்டக்காரன் ஒன்பது தடவை பந்தை மதிலுக்கு மேலே அனுப்பியிருந்தான்.

"வேதமாணிக்கம் சாருக்கு அந்த நாலு நாளும் நல்ல அறுவடை," என்றான் பிஜு.

"எடத்தத் திறக்கது கோச்சு. கோலாக்குறது ஜிஜின். கோச்ச அனுப்பினா, ஜிஜினுக்கு வருஷத்துக்கு மூணு கோல்தான் உண்டு," என்றாள் ஜீனா.

கதவு திறந்தது. மோகனன். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். மேசையில் இருந்த கடிதத்தில் தன் பெயரைப் படித்தார். திரையின் பக்கம் திரும்பினார். ஜீனா மறுபடி ஓடவிட்ட எட்டு கோலையும் நின்றபடியே பார்த்தார்.

"அஞ்சாவத இன்னும் ஒருக்கா ஓட்டு."

ஜீனா ஓட்டினாள்.

"இது என் கணக்குல வேண்டாம் மோளே. கிருஷ்ணன்குட்டி ஓடல, வழுக்கி விழுந்தான். ரெண்டு பேரும் அவன் மேல தடுக்கினாங்க. ஏழுன்னு எழுது."

ஜீனா உற்றுப் பார்த்தாள். மழை நாள். சேறு. விழுந்துதான் இருந்தான். மூன்று தடவை பார்த்தும் அவள் கண்ணுக்குத் தப்பியது அது. எட்டை அடித்து ஏழு என்று திருத்தி, 'ஒன்று அதிர்ஷ்டம்' என்று பக்கத்தில் எழுதி, அறிக்கையை நீட்டினாள்.

ஜெயதாஸ் அதை முழுசாக வாசித்தார். பிறகு பேனாவை மூடி, கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேலை போற நேரத்துல ஒரு கோல விட்டுத் தாற ஆளு, ஆட்டத்தப் பாக்கத் தெரிஞ்ச ஆளாக்கும். செவ்வாய்க்கிழமை நானும் வாறேன் சாரே. எலே பிஜு, அடுத்த ஆட்டத்த நீ மதில் மேல ஏறி நின்னு எடு."

"வேதமாணிக்கம் சார் பிடிப்பாரே?"

"பிடிக்கட்டும். அவரு கேமராவுலயும் நீ முழுசாத் தெரிவ."