புது லோரிக்கு ஒரு டிரைவர்

“நாகையா, சாப்பிட்டீரோ?”

முதலாளி வீரசிங்கம் இப்படிக் கேட்டது, லோரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்த பக்கிரிசாமியின் காதில் விழுந்தது. கிள்ளான் மேரு சாலையில் காலை எட்டு மணிக்கு இல்லாத சத்தமா? பஸ் ஹாரன், எதிர் வொர்க்‌ஷாப்பில் தகரம் தட்டுகிற சத்தம், ரொட்டிக்காரன் மணி. அத்தனையையும் தாண்டி இந்தக் கேள்வி மட்டும் குறிபார்த்து வந்து உள்ளே இறங்கியது. பதினேழு வருடமாக இந்தக் கம்பெனியில் லோரி ஓட்டுகிறார் பக்கிரிசாமி. ஒரு விபத்து கிடையாது, ஒரு சம்மன் கிடையாது. காய்ச்சலோடு செலாயாங் பாசாருக்கு வெங்காயம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து யார்டிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். அவரைப் பார்த்து முதலாளி கேட்பதெல்லாம் டயரில் காற்று பார்த்தீரோ, டீசல் போட்டீரோ என்பதுதான். லோரி சாப்பிட்டதா என்று தினமும் விசாரித்த மனிதர், லோரிக்காரன் சாப்பிட்டானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“சாப்பிட்டேங்கய்யா” என்றான் நாகையா. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டுதான் சொன்னான். அப்படி நிற்கக் கற்றுக்கொண்டது காஜாங் சிறையில். எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்தான் வெளியே வந்திருந்தான். கள்ளுக்கடை வாசலில் ஒரு சண்டை, கையில் அகப்பட்ட மரக்கட்டை, ஒரே அடி. அடி வாங்கியவன் மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். உள்ளே போவதற்கு முன் பகாங் காடுகளில் பாலாக் மரம் ஏற்றும் பெரிய லோரி ஓட்டியவன். வெளியே வந்து எட்டு இடத்தில் வேலை கேட்டானாம், எட்டு இடத்திலும் இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று கேட்டார்களாம். ஒன்பதாவதாக வந்த இடம் இது. வீரசிங்கமும் அதையேதான் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, “அப்ப நாளைக்கு வாரும்” என்றார்.

அன்றிலிருந்து தொடங்கியது கூத்து. நாகையாவுக்குத் தங்க இடமில்லை என்று ஸ்டோரின் பின்னால் ஓர் அறை. அறையில் மின்விசிறி இல்லை என்று ஒரு மின்விசிறி. முதலாளியின் மனைவி தங்கரத்தினம் அம்மா பகல்தோறும் தூக்குச்சட்டியில் யாழ்ப்பாணத்து முறையில் புட்டும் சொதியும் கொடுத்தனுப்பினார். அந்தச் சொதியின் வாசம் யார்டைத் தாண்டிப் பக்கிரிசாமி டீ குடிக்கும் இடம்வரை வந்தது. பதினேழு வருடத்தில் அவர் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டது ஒரே ஒரு முறை, அதுவும் தீபாவளிக்கு, வாசலில் நின்றபடி. வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். பக்கிரிசாமிக்கு நிஜமாகவே எரிந்தது, சீனன் கடையில் மருந்து வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை.

இத்தனைக்கும் யார்டில் எடுபிடி வேலைக்குத்தான் சேர்ந்திருந்த நாகையா அவரிடம் ஒரு வம்புக்கும் வரவில்லை, அதுதான் கொடுமை. வந்திருந்தாலாவது ஒரு திட்டு திட்டி ஆற்றிக்கொள்ளலாம். “அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?” என்று கேட்டுவிட்டுப் போவான். கன்வாஸ் கட்டி முடித்தபின் ஒவ்வொரு முடிச்சையும் திரும்பத் தொட்டுப் பார்ப்பான். பாராட்டாமல் இருக்க முடியாத அளவுக்கு வேலை செய்தான். பாராட்டாமல் இருப்பதற்குப் பக்கிரிசாமி படாத பாடு பட்டார்.

ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினான். இரட்டைச் சடை போட்ட பெண்.

“மவ. சந்திரகலா. பத்து வயசு ஆவுது. கோலசிலாங்கூர்ல தோட்டத்துல எங்க அக்காகிட்ட இருக்குண்ணே. சம்பளம் ஒழுங்கா வந்திச்சின்னா ஒரு வீடு பாத்துக் கூட்டிட்டு வந்துரணும். ஸ்கூலுக்கு இங்கயே போட்டுரலாம்லா.”

“ம்” என்றார் பக்கிரிசாமி.

அப்போதுதான் புது லோரி பேச்சு வந்தது. ஷா ஆலமில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் சரக்கு முழுவதும் வீரசிங்கத்துக்குக் கிடைத்திருந்தது. அதற்கென்று ஒரு புது லோரி, பவர் ஸ்டீயரிங்கோடு, அடுத்த மாதம் வருகிறது. பக்கிரிசாமி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பதினேழு வருடம் அந்தப் பழைய பெட்ஃபோர்டு லோரியின் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டித் தோள்பட்டை இறங்கிப்போன மனிதர். புது லோரி யாருக்கு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மனைவி இராஜம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார், அவள் பக்கத்து வீட்டு மாரியாயியிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே முதல் முறை.

“பக்கிரி, புது லோரியை நாகையாவிடம் குடுக்கப்போறன்.”

பக்கிரிசாமி மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“பெரிய லோரி ஓட்டின ஆள்தானே. அதோட, அவனுக்கு ஒரு பிடிமானம் வேணும். உம்மைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தப் பழைய லோரி உம்முடைய கைக்குத்தான் அடங்கும். என்ன, நான் சொல்றது சரிதானே?”

“சரிங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை இராஜம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“நீங்க கேட்டீங்களா, எனக்குத்தான் வேணும்னு?”

“நான் எதுக்குக் கேக்கணும்? அவருக்குக் கண்ணு இல்ல?”

“வாயத் தொறக்காம இருந்துட்டு, அப்புறம் வந்து சோத்துமேல கோவத்தக் காட்டுங்க. மொதலாளி என்னா மந்திரவாதியா, ஒங்க நெஞ்சுக்குள்ள பூந்து பாக்க?”

“நானும் ஒருத்தனப் போட்டுத் தள்ளிட்டு உள்ள போயிருக்கணும்டி. அப்ப தெரிஞ்சிருக்கும் என் அரும.”

“த்தூ! வாயக் கழுவுங்க” என்று இராஜம்மா எழுந்து போய்விட்டாள்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஒழுங்காக இருந்ததுதான் தான் செய்த தப்போ என்று படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தார். தப்புச் செய்தவனைத் தூக்கிவிட எத்தனை கைகள்! நேராக நிற்பவனை யார் தூக்கப்போகிறார்கள்?

அடுத்த வாரம் சோப்புத் தொழிற்சாலைக்கு முதல் சரக்கு எடுக்கப் பழைய லோரியிலேயே பக்கிரிசாமி போனார். கிடங்கில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் நல்ல பேச்சுக்காரன்.

“என்னாண்ணே, புது லோரி வருதாமே? நீங்கதான ஓட்டப்போறீங்க?”

“இல்ல தம்பி. வேற ஆளு. நாகையான்னு.”

“போன வாரம் ஒங்க பாஸோட வந்தாரே, அவரா? ஆளு எப்படி?”

“தங்கமான ஆளு.”

இங்கே நிறுத்தியிருக்கலாம். சொன்னது உண்மையும்கூட. ஆனால் நாக்கு நிற்கவில்லை, அதுவும் புகழ்ந்துகொண்டே நடந்தது.

“எங்க மொதலாளி மாதிரி மனசு யாருக்கு வரும் சொல்லுங்க? ஒருத்தன அடிச்சிக் கொன்னுட்டு எட்டு வருஷம் ஜெயில்ல இருந்தவன். அவன நம்பிப் புது லோரியவே குடுக்குறாரு. நம்ம ஆளுங்கள்ல இப்படி ஒரு மனுசன் உண்டா?”

ராதாகிருஷ்ணனின் பேனா நின்றது. “கொலை கேஸாண்ணே?”

“சண்டைலலா. பாவம்” என்றார் பக்கிரிசாமி. அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை நன்றாக அழுத்தியே சொன்னார்.

பெடரல் ஹைவேயில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? முதலாளியைப் பெருமையாகத்தானே சொன்னேன்? கிள்ளான் பாலம் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். பாலத்தைத் தாண்டியபோது, இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒரு திடுக்கிடல் வந்தது. ஹாரனை அடித்து அதை விரட்டினார்.

நான்கு நாளில் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அந்த டிரைவர் எங்கள் கேட்டுக்குள் வரக் கூடாது, ஆளை மாற்று, இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம். வீரசிங்கம் டை கட்டிக்கொண்டு ஷா ஆலம் போய்ப் பேசிப் பார்த்தார். முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

“அவன் செய்த பிழைக்குக் கோர்ட்டு எட்டு வருஷம் எண்டது, இருந்திட்டு வந்திட்டான். நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் போடுறியள், அதையும் ஒரு கடுதாசியில எழுதித் தாங்கோ எண்டு கேட்டன். சிரிக்கினம்.” நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆர் போய்ச் சொன்னது எண்டுதான் தெரியேல்லை.”

பக்கிரிசாமி கன்வாஸை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே விரித்து இன்னொரு முறை மடித்தார்.

செய்தி ஷா ஆலமோடு நிற்கவில்லை. செலாயாங் பாசாரின் வெங்காய மொத்த வியாபாரியும், அந்த ஆளை என் சரக்கைத் தொடவிடாதே என்று சொல்லிவிட்டார். வீரசிங்கம் நாகையாவை வெளியே அனுப்பவில்லை. அனுப்பவும் முடியவில்லை, சாவி கொடுக்கவும் முடியவில்லை. கடைசியில் புது லோரி பக்கிரிசாமிக்கு என்றும், பழையதுக்கு வேலாயுதம் என்று ஓர் ஆள் வருகிறான் என்றும் ஆயிற்று. நாகையா, பக்கிரிசாமியோடு போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும் கெலிண்டான். டிரைவர் சம்பளத்தில் பாதி. தொழிற்சாலை வந்ததும் கேட்டுக்கு வெளியே இறங்கி நின்றுகொள்ள வேண்டும், லோரி திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் நாகையா அவரைத் தேடி வந்தான். வந்து, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

“மன்னிச்சிக்கிங்கண்ணே. என்னாலதான் ஒங்களுக்கு இந்த அலைச்சல். பழகுன லோரிய விட வேண்டியதாப் போச்சி.”

“ஒன்னாலயா?”

“நான்தாண்ணே கெடுத்துக்கிட்டேன். அன்னிக்கி மொதலாளியோட போனேன்ல, அங்க கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா கேட்டான், முன்ன எங்க வேல செஞ்சேன்னு. உள்ள இருந்தேன்னு சொல்லிட்டேன். பொய் வாயில வரல. அவன்தான் போய்ச் சொல்லியிருக்கணும்.” கொஞ்சம் சிரித்தான். “மவளுக்கு லெட்டர் போட்டுட்டேன், இப்ப வேணாம், அடுத்த வருஷம் பாப்பம்னு.”

இப்போது வாயைத் திறந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பக்கிரிசாமி, “போனது போவட்டும்லா, விடு” என்றார். மன்னிக்கிற குரலில் சொன்னார்.

சரி, கேட்டது கிடைத்துவிட்டது, இனியாவது பொறாமை விட்டதா என்றால், அதுதான் இல்லை. தங்கரத்தினம் அம்மாவின் தூக்குச்சட்டி இரண்டு அடுக்கிலிருந்து மூன்று அடுக்காகியிருந்தது. யார்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நாகையாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அதைக்கூட விடலாம். மத்தியானம் ஸ்டோரின் நிழலில் கையைத் தலைக்கு வைத்து நாகையா அயர்ந்து தூங்குவான். பக்கிரிசாமி நின்று பார்ப்பார். ஓர் ஆளைக் கொன்றவன், டிரைவர் வேலை போனவன், மகளை வரவேண்டாம் என்று எழுதியவன் தூங்குகிறான். தனக்கு இமை மூடிப் பத்து நாளாகிறது. அந்தத் தூக்கத்தின் மேல் வந்த பொறாமைக்கு முன்னால் புட்டும் சொதியும் ஒன்றுமே இல்லை.

புது லோரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது. காலையிலேயே முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசைக்கு நிறுத்தினார்கள். முகப்பில் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை, கதவில் சந்தனம். இராஜம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பூசாரி சூடம் காட்டி முடித்ததும் வீரசிங்கம் சாவியை வெற்றிலையில் வைத்துப் பக்கிரிசாமியிடம் நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கிரிசாமி ஏறி உட்கார்ந்தார். இருக்கையில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முணுமுணுப்போடு உயிர்பெற்றது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே திரும்பும்போல இருந்தது.

சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பது கெலிண்டானின் வேலை. நாகையா குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பழங்களோடு குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் போனான். முன் சக்கரத்தில் வைத்த ஒரு பழம் உருண்டு லோரிக்கு அடியில் ஓடிவிட்டது.

“இருங்கண்ணே, இந்தா எடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே நாகையா உள்ளே நுழைந்தான்.

பக்கிரிசாமி பக்கக் கண்ணாடியில் பார்த்தார். நாகையாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளங்காலில் வெடிப்பு. லோரி கியரில் இருந்தது, அவருடைய இடது கால் கிளட்சை மிதித்திருந்தது. அந்தக் காலைத் தூக்கினால் போதும், லோரி பாய்ந்துவிடும்.

“டேய் நாகையா! மொதல்ல வெளிய வாடா!” என்று அலறினார். கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகையா வெளியே வந்தான். முட்டியில் மண், கையில் பழம். அதைத் துடைத்துச் சக்கரத்தின் முன்னால் வைத்தான். லோரிக்கு நேர் எதிரே பத்தடி தள்ளிப் போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டான்.

“வாங்கண்ணே, வாங்க! நேரா வாங்க!”

“எடும் பக்கிரி, நல்ல நேரம் போகுது” என்றார் வீரசிங்கம்.

பக்கிரிசாமி கியரைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். கதவைத் திறந்து, வெறுங்காலோடு சூடான தார்மேல் இறங்கினார். வெற்றிலையைக் கையில் வைத்திருந்த முதலாளியின் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தவர், முதலில் சொல்ல வேண்டியது இவனிடம் அல்லவா என்று திரும்பி நாகையாவைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரியாத நாகையா, உயர்த்திய கைகளை இறக்காமல், அவரைப் பார்த்து இன்னும் விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.