ஐந்நூற்றுப் பத்து, சக்கரத்தில் அளந்தபோது

1

மனித குலத்தின் வரலாறு என்பது, தன் ஆற்றலைத் தானே அளந்து பார்க்கத் துணிந்த வரலாறு.

இப்படித் தொடங்குவதாகத்தான் இருந்தது. வாக்கியம் நன்றாகவே இருக்கிறது. மாநாட்டு மலருக்குக் கொடுத்தால் முதல் பக்கத்தில் போடுவார்கள். ஆனால் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது லோபாக் வட்டாரத்தில் ஒரு கல்யாண விருந்தில், ஆட்டிறைச்சிப் பெரட்டலுக்காகத் தட்டோடு வரிசையில் நின்றபோது. சொன்னவர் மகேந்திரன். மந்தின் என்ற சிற்றூரில் கார்களின் பலத்தை அளந்து சொல்லும் பட்டறை வைத்திருப்பவர். முன்னால் நின்றவர் கடைசித் துண்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்ட துக்கத்தில், வேறு வேலையின்றி முழுதாகக் கேட்டேன். மனித குலம் அதில் எங்கும் வரவில்லை. ஒரு மனிதர் வந்தார். பெயர் கிரிதரன்.

(பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தக் காரைப் பார்த்தவர்களிடம் இது செல்லாது.)

2

அறிமுகத்தை எப்படி எழுதுவது?

"அந்தக் கருநீலக் கார் தெருவில் நுழைந்தால் தெருவே—"

இல்லை. அவர் தெருவில் எல்லா வீட்டிலும் கார் உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் அவருடைய குறையே.

"ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் எதைத் தேடி—"

எதையும் தேடவில்லை. வாங்கினார், அவ்வளவுதான்.

சரி, நேரே சொல்கிறேன். கிரிதரன் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் துணை மேலாளர். 'துணை'யை மெதுவாகவும் 'மேலாள'ரை உரக்கவும் சொல்வார். அவருடைய தாத்தா கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர்; அலுவலகத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. அந்த நாற்காலியைக் கறையான் தின்று தீர்த்து வெகுகாலம் ஆகிறது. குடும்பம் இன்னும் அதிலிருந்து இறங்கவில்லை.

போன வருடம் அவர் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்கினார். கூட வந்த புத்தகத்தில் ஐந்நூற்றுப் பத்துக் குதிரைச் சக்தி என்று போட்டிருந்தது. அந்த எண்ணைக் கல்யாண வீட்டில் சொன்னார், செத்த வீட்டில் சொன்னார், பல் டாக்டர் வாய் கொப்பளிக்கச் சொன்ன இடைவெளியிலும் சொன்னார்.

"அப்பப்பாவுக்கு ஒத்தைக் குதிரை வண்டி. எனக்கு ஐந்நூற்றிப் பத்து."

"அவ்வளவையும் சனிக்கிழமையில கழுவுறது நான்," என்பாள் அவர் மனைவி குமுதினி.

3

இந்தப் பகுதியை முதல் வரைவில் எழுதாமல் தாண்டிவிட்டேன். தாண்டினால் மிச்சமெல்லாம் வெறும் கேலியாகி நின்றது. ஆகவே:

மாடிப்படி ஏறினால் கிரிதரனுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண வழிவந்த அவருடைய சொந்தத்தில் டாக்டர் இல்லாத வீடு கிடையாது. அதில் ஒருவரிடம் காலையில் சொன்னால் மாலைக்குள் சிட்னியில் குடியேறிய சொந்தங்கள்வரை விசாரிப்பார்கள். அதனால் கோலாலம்பூர்வரை போய், எந்த வழியிலும் உறவு வராத ஒரு சீன டாக்டரைத் தேடிப்பிடித்தார். அவர் நெஞ்சில் பசையைத் தடவித் திரையில் பார்த்துவிட்டு, இதயம் தன்னிடம் நிறையும் ரத்தத்தில் முப்பத்தெட்டு விழுக்காட்டைத்தான் வெளியே தள்ளுகிறது என்றார்.

கிராணி வீட்டுப் பிள்ளைகளிடம் நூற்றுக்கு இத்தனை என்று எதைச் சொன்னாலும் அது பரீட்சைதான்.

"டாக்டர், பாஸ் மார்க் நாற்பதுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். (இரண்டு மார்க் போட்டுக் கொடுத்தால் என்ன என்ற தொனி அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.)

"இது பரீட்சை இல்லை, மிஸ்டர் கிரி. நூறு யாருக்கும் வராது. நல்ல இதயத்துக்கே அறுபது சொச்சம்தான். உங்களுடையது களைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மனைவியோடு வந்து ஆஸ்பத்திரியில் சேருங்கள். தள்ளிப்போட வேண்டாம். அதுவரை இந்த மாத்திரைகள்."

மனைவியோடு. அங்கேதான் சிக்கல். குமுதினியிடம் சொன்னால் அவளுடைய தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் சிட்னி. பெரிய கிராணியின் பேரன் முப்பத்தெட்டு எடுத்து ஃபெயில். சொல்லவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. போகவில்லையென்றால் அந்த இதயம் எத்தனை நாள் இழுக்கும் என்பதற்கு டாக்டரே உத்தரவாதம் தரவில்லை. கிரிதரன் இரண்டையும் நிதானமாக எடைபோட்டார். சொல்லாமல் இருப்பதே கௌரவம் என்று பட்டது.

4

அந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போனார். ஏன் போனார் என்று மகேந்திரனுக்குத் தெரியாது. ஓர் எண் கைவிட்ட மனிதர் இன்னோர் எண்ணைக் கண்ணால் பார்க்கப் போனார் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

மகேந்திரனின் அப்பா முருகையா, கிராணியின் அதே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அதற்காக மகன் அடக்கமானவர் என்று நினைக்க வேண்டாம். பட்டறைச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கும் படம் மகேந்திரனுடையதுதான்.

பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார்கள். முன்னால் பெரிய விசிறி. கார் நின்ற இடத்திலேயே நின்று அலறியது. திரையில் எண் விழுந்தது: நானூற்று நாலு.

"உம்முடைய மிசின் பழுதோ?" என்றார் கிரிதரன்.

"என்னா பாஸ், என் மிஷினப் போயி! புக்குல போட்டது இன்ஜின்ல அளந்தது. நான் அளக்குறது சக்கரத்துல. நடுவுல கியர்பாக்ஸு, ஷாஃப்ட்டு, டயரு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் சாப்ட்டுரும் லா."

"நூற்றி ஆறையும் தின்னுமோ?"

"தின்னும். எந்தக் காரும் நூத்துக்கு நூறு தரையில எறக்காது. எறக்குதுன்னு எவனாச்சும் சொன்னா அவன் கார் விக்கிறவன். உங்க கார் நல்ல ஹெல்தி, பாஸ்."

"இன்னொருக்கா ஓட்டும்."

இரண்டாம் முறை முந்நூற்றுத் தொண்ணூறு. மூன்றாம் முறை இன்னும் கீழே.

"சூடாயிடுச்சி. ஓட்ட ஓட்டக் கொறையும். ரெஸ்ட்டு குடுக்கணும். மனுசன் மாதிரிதான்."

கிரிதரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடிக் குறைஞ்சுபோனா ஆஸ்பத்திரியில... இல்ல, வேர்க்ஷாப்பில விட வேணுமோ?"

"நோவுன்னா விட்டுத்தான் ஆவணும். வெளிய சொல்லாம பொத்தி வெச்சா இன்ஜின் காலி." இதைச் சொன்ன அதே மூச்சில் மகேந்திரன் தொடர்ந்தார்: "சூப்பர்சார்ஜர் புல்லிய மாத்திட்டா நாப்பது குதிரை ஏத்தித் தரேன். மாசக் கடைசிவரைக்கும் ஆஃபர் இருக்கு."

5

சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி. அதைச் சுற்றுவதும் அதே இன்ஜின்தான், ஒரு வார்ப்பட்டையால். அதாவது பலத்தைக் காட்டுவதற்கே பலத்தில் ஒரு பங்கு போய்விடும். இந்த இடத்தில் கிராணிக் குடும்பங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். உவமை அளவுக்கு மீறிப் பொருந்தியது. பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும், அடித்துவிட்டேன்.

அடிக்க முடியாமல் போனது வேறு ஒன்று. அன்று மாலை கிரிதரன் குதூகலமாக வீடு திரும்பி, சாப்பாட்டு மேசையில் பாடம் எடுத்தார்.

"எந்தக் காருக்கும் நூறு வராது, தெரியுமோ? அளக்கிற இடத்தைப் பொறுத்தது. நானூற்றி நாலு எண்டா முதல்தரம்."

"அப்ப இவ்வளவு நாளும் ஐந்நூறெண்டு சொன்னது?"

"அது எஞ்சினில அளந்தது."

"என்ன இழவோ. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

நூறு யாருக்கும் வராது. டாக்டர் சொன்ன அதே வாக்கியம். காருக்காகச் சொன்னபோது புரிந்தது. இங்கே அவர் கையை நிறுத்தி, முகம் வெளிறி, "குமுது" என்று கூப்பிட வேண்டும். இரண்டு முறை கூப்பிட வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் மோர்மிளகாய்தான் கேட்டார்.

6

இனி முடிவு. டாக்டர் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாள், தோட்டத்துக் கோயில் திருவிழா. ஊருக்கு ஊர் சிதறிப்போன தோட்டத்துச் சனம் வருடத்தில் ஒருமுறை திரும்பி வரும் நாள். கிரிதரனும் குமுதினியும் காரில் கிளம்புகிறார்கள். வழியில் சொல்லிவிடுவது என்று அவர் தீர்மானித்திருக்கிறார். (இது என் ஊகம். ஆனால் அன்று அவர் வானொலியைப் போடவில்லை. அது மகேந்திரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

முடிவு அ: மலை வளைவில் முழு வேகத்தில் போகும்போது இதயம் நிற்கிறது. கார் காற்றில்— இல்லை. அந்த வளைவில் அவர் எப்போதும் நாற்பதில்தான் போவார். குமுதினிக்குத் தலை சுற்றும்.

முடிவு ஆ: ரப்பர் மரங்களின் நிழலில் காரை நிறுத்துகிறார். மரத்திலிருந்து பால் சொட்டுகிறது. அவர் கண்ணிலிருந்தும்— அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை. வெட்டி, பாமாயில் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். செம்பனையிலிருந்து எதுவும் சொட்டாது. சில சமயம் பாம்பு விழும்.

நடந்தது இது. தோட்டத்துக்குள் போகும் ஒற்றைச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சரிந்து, குலைகள் சாலையெங்கும் உருண்டு கிடந்தன. முன்னாலும் பின்னாலும் திருவிழாவுக்கு வந்த கார்கள். டாக்டர் கொடுத்தவற்றில் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கும் மாத்திரை ஒன்று இருந்தது. அன்று காலைதான், மனைவிக்குத் தெரியாமல், கிரிதரன் முதல் மாத்திரையை விழுங்கியிருந்தார். அது வேலையைத் தொடங்கியது.

இறங்கி மரத்தடியில் ஒதுங்கியிருக்கலாம். சுற்றிலும் நின்ற ஆண்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் பால்மரம் சீவியவர்களின் பேரன்கள். அவர்களோடு வரிசையில் நின்று பெரிய கிராணியின் பேரன்—

"ஏன் வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் குமுதினி.

"ஒண்டுமில்லை."

லோரியை நிமிர்த்த டிராக்டர் வந்தது. அதற்குள் குமுதினி நனைந்த இருக்கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது? என்ன செய்யுது உங்களுக்கு? என்ன மாத்திரை குடிச்சனீங்கள்?"

பின்னால் தன் காரில் இருந்த மகேந்திரன் ஏதோ கோளாறென்று வந்து கண்ணாடியைத் தட்டினார். பார்த்தார். திரும்பிப் போய்த் இடுப்பில் கட்டும் தன் சாரோங் ஒன்றை எடுத்துவந்து ஜன்னல் வழியே நீட்டினார். குமுதினி கேட்ட கேள்விக்குக் கிரிதரன் வாயைத் திறந்ததுவரை பார்த்ததாகச் சொன்னார். அதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் தன் காருக்கு ஓடிவிட்டார்.

வாயைத் திறந்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. "முப்பத்தெட்டு" என்றும் சொல்லியிருக்கலாம், "மோர் கூடிப்போச்சு" என்றும் சொல்லியிருக்கலாம். மறுநாள் திங்கட்கிழமை. அந்த ஒரு சொல்லை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்குத் துணிவில்லை.

பிறகு நடந்ததில் ஒன்று மட்டும் நிச்சயம். கிரிதரன் சந்நிதியில் மகேந்திரனின் சாரோங்கோடு நின்றார். அது இடுப்பில் நிற்கவில்லை. பூசை முடியும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.