மூன்று தலைமுறை லிமாக்காரன்

மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று, நான் கட்டிக்கொள்ள நினைத்த மரிபெல்லின் அம்மா எல்விரா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதனால் மூன்று தலைமுறையாக நாங்கள் தலைநகர் லிமாதான் என்று அவரிடம் கூசாமல் புளுகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கல்யாணப் பேச்சு. அதற்கு இரண்டு நாள் முன்பு நான் கண்டக்டராக இருந்த பேருந்திலேயே வந்து ஏறினார். முன் இருக்கையைத் துடைத்து உட்காரவைத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் தொப்பி போட்ட ஒருத்தி, முதுகில் கைக்குழந்தையோடு நின்றாள். "ஏறு, ஏறு" என்று நான்தான் தள்ளி ஏற்றினேன். வண்டி நகர்ந்ததும் பின்பக்கம் கைகாட்டிக் கதற ஆரம்பித்தாள். அத்தனையும் மலைநாட்டுக் கெச்சுவா மொழி.

"மூட்டை ஏதாச்சும் விழுந்திருக்கும். அடுத்த ஸ்டாப்புல எறக்கி விடு" என்றார் டிரைவர்.

கெச்சுவாதான் என் தாய்மொழி. வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு. அரைத் தெரு தூரம் ஊமையாக நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகு பொறுக்க முடியாமல், "என்னக்கா ஆச்சு?" என்று கெச்சுவாவில் கேட்டேன். அவள் மடமடவென்று கொட்டினாள். ஒன்றிரண்டு சொல் தவிர எதுவும் பிடிபடவில்லை. நான் வடக்கு மலை அன்காஷ்காரன், அவள் பேச்சோ தெற்கு மலை அயாகூச்சோ பக்கத்துப் பேச்சு. மானமும் போயிற்று, பலனும் இல்லை.

"வண்டிய நிறுத்துப்பா" என்றது முன் இருக்கை. "இவ மூத்த பொண்ணு கீழயே நிக்குது."

எல்விரா அம்மா எழுந்து அவள் தோளைப் பிடித்து, அவள் பேச்சிலேயே ஏதோ சொன்னார். அழுகை அடங்கியது. நான் இறங்கி ஓடினேன். மூலிகைக் கஷாய வண்டிக்காரி ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தூக்கி வந்து தாயிடம் கொடுத்தேன்.

வண்டி மறுபடி கிளம்பியது. எல்விரா அம்மா கைப்பையை மடியில் வைத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரிபெல்லுக்கு இதுல ஒரு வார்த்தை தெரியாது. கைக்குழந்தையா இருந்தப்போ கதவச் சாத்திட்டு இதுலதான் தாலாட்டுவேன்" என்றார்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா" என்றேன்.

"சொல்லணும். அவகிட்ட வாயத் தொறக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார். "ஞாயித்துக்கிழமை நீ மொதல்ல சொல்லு மாப்ள. பின்னாடியே நான் சொல்றேன்."