கட்டிலுக்கு விட்ட கயிறு

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவுக்குக் கடல் வந்துபோகும். கணுக்காலை நனைத்துவிட்டு, நல்ல விருந்தாளி போல உடனே கிளம்பிவிடும். அன்று புயற்காற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. நானோ மதியச் சாப்பாட்டுக்குப் பின் மரக்கட்டிலில் மல்லாந்திருந்தேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் நான்; இடி விழுந்தாலும் எழமாட்டேன், விசில் ஊதினால்தான் எழுவேன்.

என் மனைவி துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டிப்போடும் வேலை பார்த்தவள். தண்ணீர் வாசற்படி ஏறியதும் கட்டில் காலை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டு, அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கப் போனாள். கட்டினாள், சரி. கப்பலுக்குக் கட்டுவது போலவே, நீர் ஏற ஏறக் கயிறு அறாதபடி தாராளமாகத் தளர்த்தி விட்டிருந்தாள்.

நான் கண் விழித்தபோது தலைக்கு மேல் கூரையைக் காணோம், மேகம் போய்க்கொண்டிருந்தது. வாசல் எப்படி வழிவிட்டதோ, கடலுக்குத்தான் வெளிச்சம். கட்டில் தொட்டிலாக ஆடியது. தையல் கடைக்குள் மீன்கள் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு திமிங்கலம்கூடத் தெருமுக்கில் திரும்பியது. நம்பாதவர்கள் வந்து முக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணே, எங்க சவாரி?" மாடி ஜன்னலிலிருந்து தையற்காரர் கத்தினார்.

"எனக்கென்ன தெரியும்? டிரைவரக் கேளு!"

சொன்ன பிறகுதான் கவனித்தேன். தண்ணீர் திரும்பிவிட்டது. தெருவே கடலை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. எனக்கோ நீச்சல் தெரியாது. கயிறு விறைத்தது, துருப்பிடித்த ஜன்னல் கம்பி பெயர்ந்து என் பின்னாலேயே வந்தது.

"அக்கா! அண்ணன் போறாரு!" தையற்காரர் அலறினார்.

இடுப்பளவு நீரில் ஓடிவந்த மனைவி கயிற்றின் நுனியைப் பிடித்துவிட்டாள்.

"இழுடி, இழு!"

"வாயை மூடிட்டுப் படுங்க! கடலோட மல்லுக்கட்டினா கயிறுதான் அறும்."

அவள் இழுக்கவில்லை. விளக்குக் கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டாள். எத்தனை கப்பல்களை இப்படிச் சமாதானம் செய்தாளோ! கட்டில் முரண்டு பிடித்தது, முனகியது, பிறகு சொன்ன பேச்சுக் கேட்டது. தண்ணீர் வடிய வடிய, பல்லக்கை இறக்குவது போல என்னைத் தெருமுனையில் இறக்கி வைத்தது. கடல் மட்டும் தனியாகப் போனது.

மனைவி மூச்சு வாங்க வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நீளமாத்தான் விட்டுட்டேன் போல."

"இறுக்கிக் கட்டியிருந்தா தூக்கத்துலயே முங்கியிருப்பேன்."

"விசில் ஊதியிருப்பேன்ல?"

கயிறு உரசி அவள் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. அதைப் பிடித்து ஊதிவிட்டேன். அவளுடைய இன்னொரு கை மட்டும் கயிற்றை விடவே இல்லை.