உஷாவின் சாமத்தியவீட்டுக்கு ஒரு டெக்

என் புருஷன் ஏரம்பமூர்த்தியைப் போல ஒரு கல்நெஞ்சனை நான் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குணவதி சுற்றி வளைத்துக் கதைத்தாள் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

எண்பத்தேழாம் ஆண்டு அது. நியூசிலாந்தில், ஒக்லாந்துக்கு மேற்கே மாசி என்ற இடத்தில் நாங்கள் வீடு வாங்கி நாலு வருஷம். மகள் உஷா மே மாதம் பெரியபிள்ளையானாள். ஒனிஹங்காவில் இருக்கிற நவரத்தினம் தன் மகளுக்கு ஹோல் எடுத்துச் சாமத்தியவீடு செய்தவர். அது என் புருஷனுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. "நாங்கள் சொந்த வீட்டில செய்து காட்டுவம்" என்றார். செப்டெம்பர் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்.

வீட்டில் செய்வதென்றால் எங்கே செய்வது? வரவேற்பறைக்குள் இருபது பேருக்கு மேல் நிற்க முடியாது. பின்வளவு முழுக்கக் களிமண். மாரி மழைக்குக் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு போய்விடும். அப்போதுதான் இவருக்கு டெக் ஆசை பிடித்தது. வெள்ளைக்காரர் பின்வளவில் அடிக்கிற பலகை மேடை, கண்டறியாத டெக்! வீட்டுச் சுவரில் பொருத்திக் கட்டினால் கவுன்சிலில் அனுமதி எடுக்க வேண்டும், சுவரைத் தொடாமல் கொங்கிரீட் கட்டைகளின் மேல் தனியாக இருத்திவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னானாம். மிதக்கும் டெக் என்று அதற்குப் பெயர். அதன்மேல் மணவறை வைக்கலாம், சுற்றிவரச் சனம் நிற்கலாம்.

அதைச் செய்ய ஆள் வீட்டிலேயே இருந்தான். என் தம்பி மகேசன். யாழ்ப்பாணத்தில் கட்டட ஓவசியராக இருந்தவன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் இங்கே வந்து எங்கள் கராஜுக்குப் பக்கத்து அறையில் இருந்தான். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவான். அவன் வரும்போது அவன் மனைவி இராசமலருக்கு ஆறு மாதம். பிள்ளை பிறந்து மூன்று வயதாகிவிட்டது, இவன் முகம் பார்த்ததில்லை. படத்தை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஜூலையில் அவனுக்கு இமிக்ரேஷனிலிருந்து கடிதம் வந்தது. மலரும் பிள்ளையும் வரலாம். ஒரே ஒரு தாள்தான் குறை. அவர்களுக்கு இருக்க இடம் கொடுப்பேன் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கடைசி நாள் செப்டெம்பர் இருபத்தைந்து, வெள்ளி. தம்பி அந்தத் தாளை இரண்டு கையாலும் இவரிடம் நீட்டினான்.

"அதுக்கென்ன, போட்டுத் தாறன்" என்றார் இவர். "முதல் டெக்கை முடி. பேனை எங்கயும் ஓடாது." தாளை மடித்துக் குசினி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

அவருடைய புத்தி எனக்குத் தெரியாதா? கையெழுத்தைக் கொடுத்துவிட்டால் பெடியன் சனி ஞாயிறு வேறு வீடு பார்க்கப் போய்விடுவான். கொடுக்காவிட்டால் நாய் மாதிரிக் காலடியில் கிடப்பான். இந்த வார்த்தை இவர் என்னிடம் சொன்ன வார்த்தை, நான் கட்டியது அல்ல.

மகேசன் சதுரக்கோட்டுத் தாளில் படம் கீறினான். இருபதடிக்குப் பதினாறு. எந்த இடத்தில் கட்டை, எதன்மேல் தீராந்தி மரம், எத்தனை பலகை, எல்லாம் அச்சடித்த மாதிரி. களிமண்ணை ஓரடிக்கு வெட்டி எடுத்து, சரளைக் கல் போட்டு இடித்து, அதன்மேல் கட்டைகளை வைத்து நூல் பிடித்தான். ஒரு கட்டை அரை விரல் பதிந்தாலும் திரும்ப எடுத்து வைப்பான். இவர் கையில் தேத்தண்ணியோடு படியில் நின்று, "என்ன ஓவசியர் ஐயா, தாஜ்மகாலோ கட்டுறியள்?" என்று நக்கலடிப்பார். தம்பி சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலகை அடிக்கும் நாளில் நான் ஒன்று சொன்னேன். பலகைக்குப் பலகை இடையில் சந்து வரக்கூடாது. நிறைகுடத்துக்குக் கீழே பரப்பும் நெல்லும் ஆலாத்தி அரிசியும் சந்துக்குள்ளால் சேற்றில் விழுந்தால் பிள்ளைக்கு என்ன சகுனம்?

"அக்கா, ஒரு ஆணித் தடிப்பாவது விடவேணும்" என்றான் மகேசன். "இது காய்ஞ்ச மரம். மழைத் தண்ணி குடிச்சால் ஊதும். ஊதினால் போறதுக்கு இடம் வேணுமெல்லே."

"எங்கட வீட்டு நிலத்தில சந்து இருந்ததோ?"

"அது சீமெந்து, அக்கா."

"உன்ர அக்கா சொல்லுறபடி செய்" என்றார் இவர். அவன் செய்தான். செப்டெம்பர் முதல் கிழமையில் டெக் முடிந்தது. கண்ணாடி மாதிரி, ஒரு அரிசி இறங்காது. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தான். "சாமத்தியவீடு முடியட்டும், அதுக்கு முதல் ஏதும் திருத்தம் வந்தால்?" என்றார் இவர்.

வந்தது. எட்டு நாள் விடாத மழை. பலகைகள் ஊதி, ஒன்றையொன்று தள்ளி, நடுவில் முதுகு தூக்கி நின்றன. ஆணிகள் மேலே வந்துவிட்டன. இவர் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"உன்னை நம்பியோ அங்க கட்டடம் கட்டினவங்கள்? ஒரு பலகை அடிக்கத் தெரியாத விசரன்! உன்ர பெண்சாதி வந்தால் இவளும் நானும் உன்னையும் சேர்த்தெல்லே சுமக்கவேணும்!"

மகேசன் என்னைப் பார்த்தான். நான் சிங்குக்குள் கிடந்த சட்டியைப் பார்த்தேன்.

கடைசிக் கிழமை முழுக்க லீவு போட்டு, பலகை பலகையாகக் கழற்றி, ஆணி பிடுங்கி, இந்தமுறை சந்து விட்டுத் திரும்ப அடித்தான். உள்ளங்கை கொப்புளித்து உடைந்திருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் முழங்காலில் இருந்தபடியே கேட்டான். "அத்தான், நாளைக்குத்தான் கடைசி நாள். நீங்கள் இப்ப போட்டுத் தந்தால், விடிய ஒருக்கால் டவுனுக்குப் போய்க் குடுத்திட்டு ஓடி வந்திடுவன்."

"இன்னும் எத்தனை பலகை?"

"பதினொண்டு. அதோட சுற்றுப் பலகையும் படியும்."

"அப்ப நாளைக்கு டவுனோ, பலகையோ? ஞாயிறு எழுபது சனம் வருது. அவை சேத்திலயோ நிக்கிறது? திங்கள் குடு. ரெண்டு நாளில உலகம் அழியாது."

உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டார். தம்பி அடுத்த பலகையை எடுத்தான்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அன்றைக்குத்தான் அதை முழுதாக வாசித்தேன். வீட்டு உரிமையாளர்களில் யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்று இருந்தது. வீடு இரண்டு பேருடைய பெயரிலும் இருக்கிறது. மோர்கேஜ் கடன் எடுத்தபோது நானும் போய்க் கையெழுத்துப் போட்டவள். பேனை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

பொய் சொல்லி என்ன வரப்போகிறது? பேனையை எடுத்து மூடியும் கழற்றினேன். அப்போதுதான் யன்னலால் பார்த்தேன். பதினொரு பலகை அளவு வெறும் தீராந்தி. இவன் நாளைக்குப் போனால் அதை யார் அடிப்பது? இவருக்குத் தெரியாமல் போட்டேன் என்று தெரிந்தால் சாமத்தியவீட்டையே நிறுத்திவிடுவார். நவரத்தினத்தின் பெண்சாதி வந்து மூக்கைச் சுளிப்பாள். அதோடு, எங்கள் ஊர் அரசாங்கக் கச்சேரியில் கடைசித் திகதி என்று போட்டால் அதற்குப் பிறகுதான் சனம் வரிசையில் நிற்கும். இரண்டு நாள் பிந்தினால் வெள்ளைக்காரன் வாங்காமலா விடுவான்? பேனையை மூடி, தாளை மடித்து, பழையபடி வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பிக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஞாயிறு நல்ல வெயில். டெக் ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. உஷா பட்டுச் சேலையில் மணவறைக்குள் இருந்துகொண்டு, "மம், திஸ் இஸ் ஸோ எம்பரசிங்" என்று புறுபுறுத்தாள். தாய்மாமன் தேங்காய் உடைத்தான். மாமனும் மாமியும் சோடியாக நின்று தலையில் பாலறுகு வைக்க வேண்டிய இடத்தில் அவன் தனியே நின்றான். நவரத்தினம் காலால் பலகையைத் தட்டிப் பார்த்து, "ஆர் அடிச்சது? நல்ல வேலை" என்றார். "எல்லாம் என்ர பிளான்தான்" என்றார் இவர். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என் மனம் குளிர்ந்திருந்தது.

சனம் போனபிறகு இவர் விஸ்கியோடு கதிரையில் சாய்ந்துவிட்டார். தம்பி கேட்க, "விடிய, விடிய" என்று கையை ஆட்டினார். நான் லாச்சியைத் திறந்து, தம்பிக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். "வீட்டில என்ர பேரும் இருக்கு. இதுவும் செல்லும்" என்றேன். அழுதுவிட்டான்.

திங்கள் மத்தியானம் திரும்பி வந்தான். வெள்ளிக்கிழமையோடு பைல் மூடியாயிற்று, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சினானாம். அந்தப் பெண் நல்ல மாதிரித்தான் கதைத்தாளாம், ஆனால் ஒன்றும் செய்ய ஏலாது என்றாளாம். இவர் அதைக் கேட்டு, "அப்ப திரும்பப் போடன்" என்றார். அடுத்த நாளே தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினான்.

ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. தபால் நின்றது, போன் நின்றது. டிசம்பரில்தான் மலரின் தகப்பனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சனம் ஒதுங்கியிருந்த கோயிலில் ஷெல் விழுந்ததாம். மலர் தப்பிவிட்டாள். பிள்ளை இல்லை.

இவரை நான் விட்டேனா? அன்றையிலிருந்து ஒரு நேரச் சோறு நிம்மதியாகப் போட்டதில்லை. கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். நன்றாக வேண்டும்.

கடிதம் வந்த கிழமை ஞாயிறு, மகேசன் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போனேன். கட்டிலில் இருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கைத் தழும்புகள் என் கையில் சொரசொரத்தன.

"அத்தானை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டன், அக்கா. ஆனால் நீங்கள் பாவம். தாளை வாசிச்ச உடன நீங்கள் எனக்காகக் கையெழுத்துப் போட்டனீங்கள். உங்களுக்கு முதலே தெரிஞ்சிருந்தால் என்ர பிள்ளையைக் காப்பாத்தியிருப்பியள், என்னக்கா?"

நான் "ஓம்" என்றேன்.