பேனரில் ஏறிய எண்பத்தொன்று

என் ஓரகத்தி சாரதாவைப் பற்றி பாகூரில் யாரைக் கேட்டாலும் தங்கமானவள் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்களுக்கு என்ன. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக இருபது வருஷம் குடித்தனம் செய்தது நான் ஒருத்திதானே.

மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்தபோது மூத்தவர் ஆதிமூலத்துக்கு ஏரி மதகை ஒட்டிய காணி போனது. இளையவர் என்பதால் என் வீட்டுக்காரர் நாகராஜனுக்குக் கடைமடை. தண்ணீர் அவர்கள் நெல்லை நனைத்துவிட்டு, மனசு இருந்தால் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். அன்றிலிருந்து எல்லாமே அப்படித்தான். வாஷிங் மெஷின் முதலில் அவளுக்கு. தரைக்கு டைல்ஸ் முதலில் அவளுக்கு. அவள் வீட்டு வாசலில் ஒரு பொருள் வந்து இறங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பொறாமைதான். வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் மட்டும் அது மாறிவிடுமா?

பிள்ளை பெறுவதில்கூட அவள்தான் முந்தினாள். அவளுக்குப் பாக்யலட்சுமி பிறந்து சில மாதம் கழித்து எனக்கு அர்ச்சனா. இரண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே டியூஷன், ஒரே ஸ்கூட்டி. இரண்டுமே டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நீட் எழுதின. நடுவில் ஒரு சுவர் இருப்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

ரிசல்ட் வருகிற நாள் காலையிலிருந்தே வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சாப்பிடவில்லை. போனில் ரிசல்ட் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அர்ச்சனா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் காலில் சேற்றோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் எங்கள் ஊர் மூலநாதரைக் கும்பிட்டேன். என் மகள் பாஸாக வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது, பாக்யாவைவிட ஒரு மார்க்காவது கூட வாங்க வேண்டும் என்று முடித்தேன்.

பகல் தாண்டியதும் சுவருக்கு அந்தப் பக்கம் சாரதாவின் குரல் கேட்டது.

"இன்னாங்க, பாக்யாவுக்கு வந்துடுச்சுங்க! நானூத்தி ரெண்டு!"

நானூறு என்றால் சின்ன எண்ணா? பிறகு மொத்தம் எழுநூற்று இருபது என்பது ஞாபகம் வந்தது. போனிலேயே வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு சதவீதத்துக்குக்கூட ஒரு முடி குறைவு. அப்பாடா என்றிருந்தது. பிளஸ் டூவில் ஐம்பத்தாறு வாங்கினால் வாத்தியார் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்.

கட்டிலைப் பார்த்தேன். அர்ச்சனாவுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. போனை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிடுங்கிப் பார்த்தேன். பிசிக்ஸுக்கு நேராக எழுபத்தெட்டு புள்ளி ஏதோ, கெமிஸ்ட்ரிக்கு எண்பது, பயாலஜிக்கு எண்பத்து மூன்று. மொத்தத்துக்கு எண்பத்தொன்று. கீழே இன்னும் ஏதேதோ எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படித்தது?

"எண்பத்தொண்ணு! ஏங்க, நம்ம பொண்ணு எண்பத்தொண்ணு!" என்று கத்தினேன். வாசலில் இருந்தவருக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. சுவருக்குத் தேவைப்பட்டது.

"அம்மா, அது வந்து..." என்று அர்ச்சனா எழுந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது.

"நீ சும்மா இருடி. பாருங்க, சந்தோசத்துல புள்ளைக்குப் பேச்சே வர்ல."

அன்று மாலை தெருக்குழாயடியில் சாரதா சிரித்த முகமாக வந்தாள். என் மகளுக்கும் நல்லபடியாக வந்ததா என்று கேட்டாள். நான் நல்லபிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"எண்பத்தொண்ணுக்கா. உங்க பாக்யாவுக்கு வகுத்துப் பாத்தீங்களா? அம்பத்தாறுதான் வருது."

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இருபது வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

மறுநாளே வீட்டுக்காரர் பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பேனர், பிறந்தநாளுக்கும் பேனர். டாக்டர் ஆகப்போகிறவளுக்கு வைக்காமல் யாருக்கு வைப்பது? மொத்த மார்க்கையும் சேர்த்துப் போடலாமா என்று கடைக்காரர் கேட்டாராம். "எண்பத்தொண்ணே போதும்பா, ஊர்க் கண்ணு பட்டுடும்" என்றாராம் இவர். அன்று மதியமே கடலூர் பஸ் திரும்புகிற இடத்தில் பேனர் ஏறியது. 'நீட் தேர்வில் 81 சதவீதம் பெற்று பாகூர் மண்ணுக்குப் பெருமை சேர்த்த வருங்கால மருத்துவர் செல்வி நா. அர்ச்சனா.' கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கடைக்காரரே மாட்டிவிட்டிருந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாரதாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா இருக்கட்டும் ஜெயா" என்றாள். வாய்தான் சொன்னது, கண் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டு டைல்ஸை நான் பார்த்த பார்வை.

அன்று மாலை அவர்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன்.

"அதே டியூஷன்தானடி அவளும் போனா? அவளுக்கு எண்பத்தொண்ணு, உனக்கு அம்பத்தாறா? இன்னாத்தடி படிச்ச?" இது சாரதா.

"இந்த மார்க்குக்கு எவன் சீட்டு தருவான்? சென்டாக் கவுன்சிலிங்குக்கெல்லாம் மனு போட வாணாம். ஊரு சிரிக்கும். ஏதாவது பி.எஸ்ஸியில சேத்து வுடு. படிச்ச வரைக்கும் போதும்." இது ஆதிமூலம்.

பாக்யாவின் குரல் மட்டும் வரவில்லை. எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிற பெண். நான் திரும்பி வந்து மிச்சத் தேங்காயை அரைத்தேன். என் கை அப்படி லேசாக ஓடியதே இல்லை.

அடுத்த நாளும் அதே கச்சேரி. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அர்ச்சனா என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த எண்பத்தொண்ணு மார்க்கு இல்ல. நூறு பேரு எழுதுனா எண்பத்தோரு பேரு எனக்குக் கீழ இருக்காங்கன்னு அர்த்தம். அவ்ளோதான்."

"கீழ எண்பத்தோரு பேரு இருக்காங்கல்ல? அப்புறம் இன்னாடி?"

"எழுதுனது இருபத்திரண்டு லட்சம் பேரும்மா. எனக்கு முன்னாடி நாலு லட்சம் பேரு நிக்கிறாங்க. என் மார்க்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. பாக்யாவுக்கு நானூத்தி ரெண்டு. அவளுக்கு இங்க சீட்டு கெடைக்கலாம்னு சார் சொன்னாரு. எனக்குக் கெடைக்காது."

பேனரில் இருக்கிற எண்பத்தொன்று கண் முன்னால் வந்து நின்றது. "அப்போ அவ ஏன்டி வாயத் தொறக்கல? ரெண்டு நாளா திட்டு வாங்குறாளே?"

"எனக்கு எண்பத்தொண்ணு இருக்கிற அதே எடத்துல அவளுக்குத் தொண்ணூத்தி நாலு இருக்கும்மா. அதக் காட்டுனா பெரிப்பாவுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும். காட்ட மாட்டேங்கிறா. ரோட்டுல என் மூஞ்சி தொங்குதாம்."

பாருங்கள், அதிலும் அவர்கள் வீடுதான் முந்திக்கொண்டது. மார்க்கும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கு.

"நாளைக்கு சென்டாக்குக்குக் கடைசி நாளும்மா. நீ போய் பெரிம்மாகிட்டச் சொல்லு. நீதானே வகுத்துச் சொன்ன?"

நான் சொல்லியிருக்க வேண்டும். பத்து அடி நடந்தால் அவள் வாசல். ஆனால் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து வயிறெரிந்தது இந்த இரண்டே நாள்தான். இரண்டு நாளாக நான் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் தெரியுமா? அதை என் கையாலேயே கொண்டுபோய் அவளிடம் கொடுக்க வேண்டுமா? கொடுத்த மறுநிமிஷம் அவள் பழைய சாரதா ஆகிவிடுவாள். நான் பழைய ஜெயாவாகிவிடுவேன்.

"அவங்க வூட்டுப் பொண்ணுக்கு அவங்க போடுறாங்க, போடாம இருக்காங்க. நமக்கு இன்னாடி? அடுத்த வருசம் நீ திரும்ப எழுது. பேனர் அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

அர்ச்சனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைக்கூடக் கழுவாமல் வாசல் வழியாக வெளியே போனாள். அவள் செருப்பு அந்த வீட்டு வாசலில் கழலும் சத்தம் கேட்டது. நான் சுவரில் காதை வைத்தேன்.

"பெரிம்மா, பாக்யாவத் திட்டாதீங்க. அவதான் எனக்கு மேல. நூறு மார்க்குக்கு மேல அதிகம். அம்மா தப்பாப் பாத்துட்டாங்க. நான்தான் அன்னிக்கே சொல்லாம வுட்டுட்டேன். நாளைக்குள்ள சென்டாக்குக்குப் போட்டுடுங்க பெரிப்பா."

பிறகு பாக்யா ஏதோ சொன்னாள், போனைக் காட்டினார்கள் போலிருக்கிறது. ஆதிமூலம் ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். நான் சாரதாவின் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். இப்போது சிரிப்பாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

சிரிப்பு வரவில்லை.

"அடி அர்ச்சனா, பைத்தியமே, இத்த மனசுல வச்சிக்கினா ரெண்டு நாளா சுத்துன? உன் மார்க்கு இன்னாடி?"

"இருநூத்தித் தொண்ணூத்தெட்டு பெரிம்மா. எனக்கு வராது."

அதற்குப் பிறகுதான் என் மகள் அழுதாள். சின்னப் பிள்ளையில் ஏரிக்கரையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோது அழுத மாதிரி, ஓவென்று, மூச்சு முட்டி முட்டி. "அழுவுடி, நல்லா அழு" என்று சாரதா அவள் முதுகைத் தட்டிக் கொடுக்கும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பாக்யாவும் சேர்ந்து அழுதாள்.

மதகுப் பக்கத்து நிலத்துக்கு நான் எரிந்தேன். டைல்ஸுக்கு எரிந்தேன். நானூற்று இரண்டுக்கு எரிந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வயிற்றில் பிறந்தது, என் வீட்டில் இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த அழுகையை அவள் மடியில் போய்க் கொட்டியது. அந்த நிமிஷம் எனக்கு எரிந்தது போல ஒருநாளும் எரிந்ததில்லை.

"அர்ச்சனா! போதும், வாடி வூட்டுக்கு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"இரு ஜெயா" என்றாள் சாரதா, கோபமே இல்லாத குரலில். "புள்ள இன்னும் அழுது முடிக்கல."