குறையாத எடை

குதோ தத்ஸுஸோவைப் பார்க்க நான் எப்போது போனாலும், அவர் மகள் மித்ஸுயோ முதலில் எடைக் கருவியை இழுத்துப் போடுவாள். அப்பாவை அதில் ஏற்றிவிட்டு என்னை முறைப்பாள்.

"பாருங்க நர்சம்மா, போன மாசம் இருந்த அதே எடை. நான் என்ன எங்கப்பாவைப் பட்டினியா போடுறேன்?"

ஜப்பானின் அகிதாக் கடலோரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்ப்பது என் வேலை. தத்ஸுஸோ மீன்பிடிப் படகு ஓட்டியவர். இப்போது தோள் எலும்பு சட்டையைத் துருத்திக்கொண்டு நின்றது. மேல்கையைப் பிடித்தால் வெறும் தோல்தான் கையோடு வந்தது. கால் மட்டும் பருத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்ல மித்ஸுயோ, தண்ணி. உடம்பு கரையுது, கால்ல நீர் கோக்குது. அதான் எடை குறையாத மாதிரி தெரியுது."

"மூணு வேளையும் தட்டு காலியாத்தான் வருது!"

டாக்டரிடம் சொல்லி ரத்தம் சோதிக்க வைத்தேன். இதயத்திலும் சிறுநீரகத்திலும் பழுதில்லை. புரதம்தான் மிகக் குறைவு, அதனால்தான் நீர் கோத்தது. "யாரோட ரத்தமோ" என்றாள் மித்ஸுயோ.

எனக்கு வெறுத்துவிட்டது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். சோறு, சுட்ட மீன், முள்ளங்கி ஊறுகாய். மகள் சமையலறைக்குள் போனதும் வாயிலிருந்த மீனை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டினார்.

"ஐயா, என்ன இது?"

"சத்தம் போடாதீங்கம்மா. பல்செட்டு ஆடுது, கடிச்சா ஈறெல்லாம் புண்ணு. அவ விடியறதுக்குள்ள எந்திரிச்சு சமைக்கிறா. முடியலன்னு சொன்னா அவ மனசு என்னாகும்?"

"உங்க உடம்பு என்னாகுதுன்னு தெரியுதா?" கத்தியேவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த மித்ஸுயோ கைக்குட்டையைப் பிரித்தாள். "என்கிட்ட சொல்ல வாய் வரலையாப்பா? பூனைக்குப் போட்டிருந்தாலாவது தின்னிருக்கும்!" தட்டை நங்கென்று நகர்த்தினாள்.

பல்செட்டை மாற்றினார்கள். புண் ஆறும்வரை மீனை மசித்துக் கொடுத்தாள். முட்டையும் டோஃபுவும் சேர்த்தாள். கால் வீக்கம் வடிந்தது, கூடவே எடையும் இறங்கியது. உடனே போன் வந்தது.

"நல்லா இருந்த மனுஷன், உங்க பேச்சைக் கேட்டு எளைச்சிட்டாரு!"

நீர்தான் வடிகிறது, சதை மெதுவாகத்தான் ஏறும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் போனுக்குள் தத்ஸுஸோவின் குரல் கேட்டது: "மித்ஸுயோ, இன்னொரு முட்டை இருக்கா?"

"இந்தா வரேன்ப்பா" என்றவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.